கட்ட வேண்டாத சுவர்



“கலந்துரையாடிக் கற்க ஏற்ற வகுப்பறை” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் கடைசிச் சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். கலந்துரையாடல் நல்லதா என்று இனிமேல் பட்டிமன்றம் வைக்க வேண்டிய தேவை இல்லை. ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியிட்டார்கள். ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் தேறாதவர்கள் ஏறக்குறைய 34 சதவீதம். மாணவர்களும் பேசி, செய்து பார்த்துப் படித்த வகுப்புகளில் ஏறக்குறைய 22 சதவீதம். அந்த வழக்கு முடிந்துவிட்டது. முடியாத வழக்கு ஒன்று இருக்கிறது. அது அறையின் வழக்கு.

உங்களில் ஆசிரியர்கள் பலர் புத்தாக்கப் பயிற்சிக்குப் போயிருப்பீர்கள். மாணவர்களைக் குழுவாகப் பிரித்துப் பேசவையுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்புகிறார்கள். நீங்களும் உற்சாகமாகத் திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறீர்கள். வந்து பார்த்தால்? ஐந்து பேர் உட்காரும் நீள பெஞ்ச். அதன் ஒரு முனை சுவரோடு ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் பையன் வெளியே வர வேண்டுமானால் நான்கு பேர் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் ஆறங்குல உயரத்தில் சிமெண்ட் மேடை. அதன்மேல் மேசை. நீங்கள் “குழுவாகப் பிரியுங்கள்” என்கிறீர்கள். அறை “முடியாது” என்கிறது. யார் ஜெயிப்பார்? ஒரு மணி நேரப் போட்டியில் ஆசிரியர் ஜெயிக்கலாம். ஒரு பருவம் முழுக்கப் போட்டி என்றால் அறைதான் ஜெயிக்கும்.

ஆகவே இன்று இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஓர் அறைக்குள் நுழைந்ததும் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியரின் கால் எந்த மாணவர்வரை போகும்? மாணவரின் கண் யாருடைய முகத்தைப் பார்க்கும்?

வரிசை வரிசையாக உட்கார்ந்து ஒருவரைப் பார்க்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஒரு வகுப்பை 14ஆம் நூற்றாண்டில் லாரென்டியஸ் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். உயரமான பீடத்தில் ஆசிரியர், எதிரே வரிசையாக பெஞ்சுகள். முன்வரிசையில் இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். பின்னால் ஒருவர் கையில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார், இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அச்சு இயந்திரம் வராத காலம் அது. புத்தகம் ஆசிரியர் கையில் மட்டும் இருந்தது, அவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த வேலைக்கு அந்த அறை பொருத்தமாகவே இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே இத்தாலியில் பதுவா நகரில் 1590களில் உடற்கூறு அரங்கம் ஒன்று கட்டினார்கள். நடுவே அறுவை மேசை, சுற்றிலும் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறும் படிகள், உட்கார இடமே கிடையாது. ஏன்? நின்றால்தான் அத்தனை பேருக்கும் கீழே இருக்கும் உடல் தெரியும். வேலை என்ன என்று முதலில் கேட்டார்கள், பிறகு அறையைக் கட்டினார்கள். நாம் இந்தக் காலத்தில் எதைக் கேட்டுவிட்டு அறை கட்டுகிறோம்?

இன்னொரு அறையைச் சொல்கிறேன். இது வெளிநாட்டில் இல்லை, சென்னை எழும்பூரில் இருந்தது. 1789இல் அங்கே படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இழுத்தடித்தார்கள். சரி என்று, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரச் சொன்னார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறையைப் பற்றிப் பெல் 1797இல் லண்டனில் புத்தகம் வெளியிட்டார். “மெட்ராஸ் முறை” என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நான் கவனிப்பது முறையை அல்ல, தரையை. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இங்கிலாந்தில் இதே போன்ற முறையைப் பரப்பினார். அவருடைய கூடத்தில் டெஸ்க்குகள் எல்லாம் தலைமை ஆசிரியரைப் பார்த்து வரிசை கட்டி நின்றன. பெல்லைப் பின்பற்றிய பள்ளிகளில் எழுதும் பலகைகள் சுவரோரம் போயின, நடுத்தரை காலியாக விடப்பட்டது, பிள்ளைகள் சதுரம் சதுரமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடம் சொன்னார்கள். இரண்டு பேருடைய கொள்கையும் கிட்டத்தட்ட ஒன்று. அறை வேறு. பிறகு வந்த உலகம் எந்த அறையை எடுத்துக்கொண்டது என்பதற்கு நம் வகுப்பறைகளே சாட்சி. எழும்பூரிலிருந்து போன யோசனை உலகத்தைச் சுற்றியது, காலியான நடுத்தரை மட்டும் எங்கோ தவறிவிட்டது.

இப்போது ஒரு சின்ன வேலை. சும்மா கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நேராக மேலே சுண்டிவிடுகிறேன். மேலே போகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, கீழே வருகிறது. காற்றை மறந்துவிடுங்கள். உச்சியில் நிற்கிற அந்தக் கணத்தில் நாணயத்தின் மேல் செயல்படும் விசை மேல்நோக்கியா, கீழ்நோக்கியா, அல்லது விசையே இல்லையா? முதலில் தனியாக முடிவு செய்யுங்கள். பிறகு வேறு விடை சொல்கிற ஒருவரைப் பக்கத்தில் தேடிப் பிடித்து, அவரை உங்கள் பக்கம் இழுக்கப் பாருங்கள். இரண்டு நிமிடம்.

(அவையினர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.)

போதும், போதும். நிறுத்துவதற்கு நான் மணி அடிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! விடை: கீழ்நோக்கி. புவியீர்ப்பு ஒரு கணம் ஓய்வு எடுத்துக்கொள்வதில்லை. “விசை இல்லை” என்று கை தூக்கியவர்களில் இயற்பியல் துறைக்காரர் ஒருவரும் இருந்தார், அவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

நான் கவனித்தது வேறு. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு நாலு பேராக, ஐந்து பேராகக் கூடிவிட்டார்கள். ஓரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் பக்கத்து ஆளோடு மட்டும் பேசினார்கள். முன்வரிசைச் சோபாவில் அமர்ந்திருக்கும் நம் சிறப்பு விருந்தினர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குப் பேச விருப்பமில்லை என்றா நினைக்கிறீர்கள்? சோபாவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. பின்னால் திரும்பவும் முடியாது. ஒரே கேள்வி, ஒரே அரங்கம், மூன்று வகை இருக்கை, மூன்று வகைப் பேச்சு.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இப்படித்தான் கேள்வி கேட்டு மாணவர்களை மோதவிட ஆரம்பித்தார். அவர் நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவர். 1990களின் தொடக்கத்தில், விசையைப் பற்றிய மிக எளிமையான வினாத்தாள் ஒன்றைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லித்தந்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் ஆடிப்போனார். தான் சொன்னது ஒன்று, அவர்கள் தலைக்குள் இருப்பது வேறொன்று என்று புரிந்தது. மசூரின் முறைக்குச் சிறப்பான அறை வேண்டியதில்லை. படிக்கட்டு அரங்கத்திலேயே நடத்தலாம். ஆனால் அங்கே பக்கத்து ஆள், முன்னால் இருக்கும் ஆள், அவ்வளவுதான் எல்லை. அந்த எல்லையையும் தாண்ட வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் அறையிலேயே கை வைத்தார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் 1990களில் மேசையிலிருந்து தொடங்கினார். மேசைதானே, எந்த அளவானால் என்ன என்று நாம் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. பல அளவில் வட்ட மேசைகள் செய்து, மாணவர்களை உட்காரவைத்துப் பார்த்தார். சின்ன மேசையில் கணினியும் புத்தகமும் வைக்க இடமில்லை. பெரிய மேசையில் எதிரே இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. கடைசியில் 7 அடி விட்டம் என்று முடிவானது. ஒரு மேசைக்கு ஒன்பது பேர், மும்மூன்று பேராக மூன்று குழு. மூவரில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்களுக்குப் புரியவில்லை என்றால் பக்கத்துக் குழுவைக் கேட்கலாம். மூன்று குழுவுக்கும் புரியவில்லை என்றால்தான் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். அறைக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. சுற்றிலும் எழுதுபலகைகள், ஆசிரியரின் இடம் நடுவில். கால் எங்கே போகும்? எல்லா இடத்துக்கும். கண் எங்கே பார்க்கும்? சக மாணவரின் முகத்தை.

நம் ஊர்ப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இருநூறு பேர் சாப்பிட உட்கார்ந்தாலும், பரிமாறுகிறவர் ஒவ்வோர் இலைக்கும் முன்னால் போய் நிற்க வழிவிட்டுத்தானே பாய் விரிக்கிறோம்? ரசம் வேண்டுமா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தானே கேட்கிறோம்? சாம்பாருக்கு விட்ட வழியைக் கால்குலஸுக்கு ஏன் விடவில்லை?

இதே யோசனையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழகம், அதாவது எம்.ஐ.டி., எடுத்துக்கொண்டது. அங்கே முதலாண்டு இயற்பியல் பெரிய அரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. பருவம் முடியும் நேரத்தில் பாதிப்பேர்கூட வகுப்புக்கு வருவதில்லை. உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த மாணவர்கள், அவர்களே வரவில்லை! ஜான் பெல்ச்சர் என்ற பேராசிரியர் 3,000 சதுர அடியில் ஓர் அறையை உருவாக்கினார். 13 வட்ட மேசைகள், மேசைக்கு ஒன்பது பேர், ஆக 117 மாணவர்கள். சுற்றிலும் எழுதுபலகைகளும் திரைகளும். மேசை மேலேயே சோதனைக் கருவிகள். 2001இல் சோதனையாக ஆரம்பித்து, 2003இல் மின்னியல், காந்தவியல் பாடத்தை எடுத்த எல்லோருக்கும் விரிவாக்கினார்கள்.

கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அந்த ஆண்டே 150க்கும் மேற்பட்ட மாணவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். பழைய விரிவுரையையே கொடுங்கள் என்றார்கள். நான் இதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் நீங்கள் அறையை மாற்றினால் உங்கள் மேசைக்கும் அப்படியொரு மனு வரும். வட்ட மேசைமுன் நின்று என்ன செய்ய வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. சிலர் நடுவில் நின்றுகொண்டு பழைய விரிவுரையையே கொடுத்தால், பாதி மாணவர்களுக்கு அவர்களுடைய முதுகுதானே தெரியும்! இன்னொன்று, மூளைக்கு வேலை கொடுக்கும் வகுப்பு மாணவருக்கு அவ்வளவு இனிப்பதில்லை. ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாக வந்தது. நல்ல விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள், குழுவாக முட்டி மோதியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் முட்டி மோதியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். எம்.ஐ.டி. ஆசிரியர்களைப் பழக்கியது, பாடத்தைத் திருத்தியது, அறையைக் கைவிடவில்லை. சில ஆண்டுகளில் வருகை ஏறியது, தேறாதவர்களின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் மாற்றம் ஆசிரியரால் வந்ததா, அறையால் வந்ததா? நியாயமான கேள்வி. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் புரூக்ஸ் என்பவர் அதைத்தான் பிரித்துப் பார்க்க முயன்றார். ஓர் அறிமுக உயிரியல் பாடம். ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. ஒரு பிரிவு வழக்கமான வரிசை அறையில், மற்றொரு பிரிவு வட்ட மேசை அறையில். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தால் வட்ட மேசைப் பிரிவு பின்தங்கியது. பருவ முடிவில் இரண்டு பிரிவும் சமமாக வந்து நின்றன. எனக்கு இதைவிடச் சுவையானது அடுத்த தகவல். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பார்வையாளர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தபோது, வரிசை அறையில் அந்த ஆசிரியர் அதிகம் விரிவுரை செய்திருக்கிறார், மேடையருகே அதிகம் நின்றிருக்கிறார்; வட்ட மேசை அறையில் கலந்துரையாடல் அதிகம் நடந்திருக்கிறது. அவரை அறியாமலே அறை அவரை நடத்தியிருக்கிறது!

“எல்லாம் சரி ஐயா, அமெரிக்காவில் இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது. நமக்கு?” இதோ, அந்தக் கேள்விக்கு வந்துவிட்டேன். கணக்குப் போடுவோம். பொறியியல் கல்லூரி வகுப்பறைக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அளவு 66 சதுர மீட்டர். அதில் 60 பேர். தலைக்கு 1.1 சதுர மீட்டர். எம்.ஐ.டி. அறையில் தலைக்கு ஏறக்குறைய 2.4 சதுர மீட்டர். இரட்டிப்புக்கும் மேல். ஆக வட்ட மேசையை அப்படியே இறக்குமதி செய்தால் நம் அறைக்குள் முப்பது பேர்கூட உட்கார முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் வெளிநாட்டுப் படத்தைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், என்னையும் சேர்த்து.

கணக்குப் போடாததன் விளைவை நாம் பார்த்தோமே. கேரளத்தில் “ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்” என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுச் சில பள்ளிகள் கடைசி பெஞ்சே இல்லாமல் இருக்கைகளை மாற்றின. 2025 ஜூலையில் நம் பள்ளிக்கல்வித் துறையும் ‘ப’ வடிவில் இருக்கைகளைப் போடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலிக்கும், பலகை சரியாகத் தெரியாது, இடம் போதாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அப்போதைக்கு அது நிறுத்திவைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எட்டு மீட்டர் நீள அகலமுள்ள அறையில் மூன்று சுவரோரமும் ஒற்றை வரிசை போட்டால், கதவையும் மூலைகளையும் கழித்துவிட்டு முப்பது, முப்பத்தைந்து பேர்தான் உட்காரலாம். மீதிப்பேர் எங்கே போவார்கள்? ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் ‘ப’ வடிவம்தான், குதிரைலாட வடிவம் என்பார்கள். அங்கே தரை படிப்படியாக ஏறும், நாற்காலி சுழலும், வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே வழக்கை விவாதிக்கும். சுழலும் நாற்காலிதான் அங்கே கழுத்தைக் காப்பாற்றுகிறது. ‘ப’ என்ற எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

நம் 66 சதுர மீட்டரில் முடிவது என்ன? பெஞ்சையும் டெஸ்க்கையும் எடுத்துவிட்டு, பலகைக்குச் செங்குத்தாக நீள மேசைகளைப் போடுங்கள். மேசைக்கு ஆறு பேர், பக்கத்துக்கு மூன்று பேர், தனித்தனி நாற்காலி. யாருக்கும் பலகை முதுகுப்பக்கம் வராது. பத்து மேசை போதும். நெருக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மேசைவரையும் ஆசிரியரின் கால் போகும். அதற்கு முன்னால் அந்தச் சிமெண்ட் மேடையை இடிக்க வேண்டும். அது பிடித்துவைத்திருக்கும் இடம் கொஞ்சம் நஞ்சம் அல்ல. படிக்கட்டு அரங்கம் என்றால் ஒரு படிக்கு ஒரு வரிசைக்குப் பதிலாக இரண்டு வரிசை போடுங்கள். முன்வரிசைக்காரர் நாற்காலியைத் திருப்பினால் பின்வரிசையோடு குழு சேர்ந்துவிடும். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம் தன் பழைய அரங்கங்கள் சிலவற்றைக் குழுவாகப் பேச ஏற்றபடி மாற்றியிருக்கிறது.

அடுத்தது சுவர். நம் வகுப்பறையில் நான்கு சுவர், வேலை செய்வது ஒன்று. மற்ற மூன்றும் தலைவர்கள் படத்தைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கின்றன. மாணவர் எழுந்து போய்ச் சுவரில் எழுதினால் என்ன ஆகிறது தெரியுமா? அவர் நினைப்பது வெளியே தெரிகிறது. நோட்டுக்குள் இருக்கும் தப்பை ஆசிரியர் குனிந்து தேட வேண்டும். சுவரில் இருக்கும் தப்பு அறையின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றினால் தெரிந்துவிடும். இதை நமக்கு மின்னசோட்டா சொல்லித்தர வேண்டியதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சியில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியிலிருந்து வந்த தூண்டுதல் அது. பெஞ்சுகள் வெளியே போயின, பாய் வந்தது, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு கரும்பலகை. 2007இலிருந்து மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதன் வெற்றி தோல்வியைப் பற்றி நிறைய விவாதம் உண்டு, அதற்குள் இன்று நான் போகவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். 2007இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2019இல் கல்லூரிக்கு வந்தது. ஆறு வயதில் தனக்கென்று ஒரு கரும்பலகை வைத்திருந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் நாம் என்ன கொடுத்தோம்? சுவரோடு ஒட்டிய பெஞ்சில் ஐந்தாவது இடம். கரும்பலகைச் சாயம் ஒரு டப்பா என்ன விலை? ஸ்மார்ட் போர்டு ஒன்றின் விலையில் ஒரு மாடி முழுவதற்கும் சாயம் அடிக்கலாம். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது ஸ்மார்ட் போர்டுதான் படத்தில் நன்றாக விழும், அது உண்மைதான். ஆனால் அது முன்சுவருக்கு இன்னும் அதிக அதிகாரத்தைக் கொடுக்கிறது. கண் மறுபடியும் ஒரே பக்கம் போய்விடுகிறது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் கல்லூரி முதல்வர் என்னைச் சும்மா விட மாட்டார். அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசினால் ரவுண்ட்ஸ் வருகிறவர் வாசலில் நின்று, “என்ன இங்கே, ஸ்டாஃப் இல்லையா?” என்றுதான் கேட்பார். அவர் மேல் தப்பில்லை. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சு. எதுவும் ஒலியை விழுங்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடம் கட்டினார்கள், அதிலிருந்த விரிவுரை அரங்கத்தில் ஒருவர் பேசினால் ஒருவருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்! கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது. இன்று அமெரிக்காவில் பள்ளி வகுப்பறைகளுக்கான தரம், ஒலி 0.6 நொடிக்குள் தேய வேண்டும் என்பது. நம்மிடம் மெத்தை வேண்டாம். தென்னை நார்ப் பலகை இருக்கிறது, கோரைப்பாய் இருக்கிறது. கூரையிலும், எழுத எட்டாத உயரத்தில் சுவரிலும் அடித்துவிட்டால் பேச்சு பேச்சாகவே இருக்கும், இரைச்சலாகாது. கடகடக்கும் மின்விசிறியை மாற்றுங்கள், அதற்கும் பெரிய செலவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. நம் வகுப்புகளில் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஆறு மாதிரி ஒரு பாதை. மேசை வந்தால் இந்தப் பிரிவு என்னாகும் என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கலந்து உட்காரவைப்பதானாலும் எப்படிக் கலப்பது என்பதைப் பார்க்க வேண்டும். குழு அமைப்பதில் 1992லேயே ஒரு படிப்பினை வந்துவிட்டது. மின்னசோட்டாவில் பட்ரீஷியா ஹெல்லரும் மார்க் ஹாலபாவும் பார்த்தார்கள்: இரண்டு ஆண்கள் நடுவே ஒரு பெண் என்றால், விடை அந்தப் பெண்ணிடம் இருந்தாலும் குழு அவர் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு பெண், ஓர் ஆண் என்றால் சரியாக இருக்கிறது; மூவரும் பெண்கள் என்றாலும் சரி. எனவே குழுவை மாணவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள், இதைக் கவனத்தில் வைத்து நீங்களே பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, இங்கே எழப்போகும் புதுக் கட்டடம். காலையில் வரைபடத்தைக் காட்டினார்கள். மாடிக்கு எட்டு அறை, எட்டும் அச்சில் வார்த்த மாதிரி 66 சதுர மீட்டர். இந்த வரைபடத்தை முடிவு செய்த கூட்டத்தில் பாடம் நடத்துகிறவர் யாராவது இருந்தாரா என்று கேட்டேன். சிரித்தார்கள். அதை விடுங்கள். வரைபடத்தில் முதல் மாடியில் ஐந்தாவது அறைக்கும் ஆறாவது அறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. பொறியாளர் தம்பியிடம் கேட்டேன், அது பாரம் தாங்கும் சுவர் இல்லை, தூண்கள்தான் தாங்குகின்றன என்றார். அந்தச் சுவரைக் கட்டாதீர்கள். கட்டாமல் விட்டால் 132 சதுர மீட்டர். அதில் 60 பேர் உட்கார்ந்தால் தலைக்கு 2.2. எம்.ஐ.டி. அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், கூடுதலாக ஒரு செங்கல்கூட வாங்காமல்! ஓர் அறை போய்விடுகிறதே என்று நிர்வாகம் கேட்கும். ஒரே ஒரு மாடியில் ஒன்று மட்டும்தான் கேட்கிறேன். கால அட்டவணையில் எல்லாத் துறைக்கும் முறைவைத்துக் கொடுங்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வகுப்பும் அங்கே வந்து போகட்டும். ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் சுவரைக் கட்டிக்கொள்ளலாம், ஒரு வார வேலை. கட்டிய சுவரை இடிப்பதற்குத்தான் ஆட்சிமன்றக் குழுவின் ஒப்புதலெல்லாம் வேண்டும்.

நடுவில் எங்கே தூண் வருகிறது, மின்இணைப்பு எந்தப் பக்கம், மேசை வட்டமா நீளமா என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. வரைபடத்தைக் கீழே வரவேற்பு மேசையில் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியே தேநீர் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு ஆளுக்கொரு பென்சிலோடு அங்கே வாருங்கள், மாணவர்கள் முதலில்.